தீவன மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு: எது குறைக்கும், எது குறைக்காது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோழி வளர்க்கும் ஒருவர், கூடவே குஞ்சும் வளர்க்கிறார். புதிதாக வாங்கி இறக்கிய மக்காச்சோளத்தில் பூசண வாடை. சோதனைப் பட்டை வைத்துப் பார்த்ததில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு 35 பிபிபி என்று காட்டியிருக்கிறது. வெயிலில் காயவைத்தால் நச்சு போய்விடுமா, வறுத்தால் போகுமா, டாக்ஸின் பைண்டரை (நச்சைப் பிடித்துக்கொள்ளத் தீவனத்தில் கலக்கும் பொருள்) கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடுமா, அடுத்த முறை வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கிறார்.

வெயிலில் போகாது. வறுத்தாலும் போகாது. பைண்டர் ஓரளவு உதவும், ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைச் செய்யாமல் நேரே பைண்டருக்குப் போய்விடுகிறார்கள். அந்த வேலை சலிப்பது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

பூஞ்சை வேறு, அது விட்டுச்செல்லும் நச்சு வேறு. பூஞ்சை ஓர் உயிர். காய்ந்தால் அடங்கும், சூட்டில் சாகும். நச்சு ஒரு வேதிப்பொருள், அதற்குச் சாவு கிடையாது. அஃப்ளாடாக்ஸினின் ஒரு வகையான பி1 உருகுவதற்கே ஏறத்தாழ 268 டிகிரி செல்சியஸ் வேண்டும். தீவன ஆலையில் பெல்லட் (அழுத்திச் செய்த தீவனத் துண்டு) போடும்போது சூடு பெரும்பாலும் 80, 85 டிகிரியோடு நின்றுவிடும். வறுக்கும்போது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் உருப்படியாகக் குறையும் அளவுக்கு வறுத்தால் தானியம் கருகும், லைசின் போன்ற அமினோ அமிலங்கள் வீணாகும், எரிபொருள் செலவு தனி. நச்சைக் குறைக்கப் போய்ச் சத்தைக் குறைத்த கதையாகிவிடும்.

வெயிலில் உலர்த்துவது இனிமேல் நச்சு கூடாமல் தடுக்கும். ஏற்கனவே இருப்பது அப்படியே இருக்கும். இதில் எனக்குக் கவலை தருவது வேறு. பூசணம் பூத்த தானியத்தை இரண்டு நாள் காயவைத்துக் கிளறிவிட்டால் அந்தப் பச்சைத் தூள் பறந்துபோகும், வாடை குறையும், மணி பளிச்சென்று ஆகிவிடும். வாங்குபவருக்கு அது நல்ல சரக்காகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த பூஞ்சை போனதே தவிர நச்சு மணிக்குள் பத்திரமாக இருக்கிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்; எல்லாப் பூஞ்சையும் நச்சு சுரப்பதில்லை என்பதால், அசிங்கமாகத் தெரியும் சரக்கில் சோதித்தால் ஒன்றும் இல்லாமல் போவதுண்டு. கண்ணையும் மூக்கையும் சந்தேகப்படுவதற்குப் பயன்படுத்தலாம், முடிவெடுக்க அவை போதாது.

சரி, உங்கள் கையில் இருக்கும் 35 என்ற எண்ணுக்கு வருவோம். பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம். 20 பிபிபி என்றால் ஒரு டன் மக்காச்சோளத்தில் மொத்தம் 20 மில்லிகிராம் நச்சு. ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் தீவன மூலப்பொருளுக்கும் வளர்ந்த கோழியின் முழுத் தீவனத்துக்கும் அஃப்ளாடாக்ஸின் பி1 வரம்பாக அந்த 20-ஐத்தான் வைத்திருக்கிறது. குஞ்சுத் தீவனத்துக்கு வெறும் 5. அமெரிக்காவில் குஞ்சுக்கு 20, வளர்ந்த கோழிக்குப் போகும் மக்காச்சோளத்துக்கு 100 வரை விடுகிறார்கள். உங்கள் நாட்டின் வரம்பு எதுவோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சுக்கும் பெரிய கோழிக்கும் ஒரே கணக்குக் கிடையாது என்பதுதான் இதில் முக்கியம்.

ஆனால் அந்த 35 உண்மையிலேயே 35 தானா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நச்சு சர்க்கரைப்பாகு போல எல்லா மணியிலும் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான மணிகள் சுத்தமாக இருக்கும், எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் கொட்டிக் கிடக்கும். தனி மணி ஒன்றில் ஒரு லட்சம் பிபிபிக்கு மேல்கூட அளந்திருக்கிறார்கள். ஒரு மக்காச்சோள மணி ஏறத்தாழ 0.3 கிராம். அப்படிப்பட்ட ஒரு மணியில் 30 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். அது நீங்கள் எடுத்த ஒரு கிலோ மாதிரியில் விழுந்தால், மீதி மூவாயிரத்துச் சொச்சம் மணியும் சுத்தமாக இருந்தாலும், கருவி 30 பிபிபி என்று காட்டும். அதே மணி கையளவு, அதாவது நூறு கிராம் மாதிரியில் விழுந்தால் 300 காட்டும். விழாவிட்டால் பூஜ்யம். ஒரே லாரியில் ஒருவர் ‘பிரமாதம்’ என்பதும் இன்னொருவர் ‘விஷம்’ என்பதும் இதனால்தான். சோதனையில் வரும் பிழையின் பெரும்பங்கு கருவியில் இல்லை, மாதிரி எடுத்த கையில் இருக்கிறது.

ஆகவே மேலே இருக்கும் இரண்டு மூட்டையைத் திறந்து ஒரு பிடி அள்ளுவது மாதிரி எடுப்பதே ஆகாது. சரக்கு இறங்கும்போது, தானியம் கொட்டிக்கொண்டிருக்கும் ஓட்டத்திலேயே விட்டுவிட்டுப் பல முறை குறுக்கே பிடித்து எடுப்பது சிறந்தது. மூட்டையாக வந்தால் குத்தூசியால் நிறைய மூட்டைகளில், மேல், நடு, அடி என்று குத்தி எடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்து கிலோவாவது இருக்கவேண்டும். அந்த ஐந்து கிலோவையும் முழுதாக அரைக்கவேண்டும். ரவை போல விடாமல் நன்றாக மாவாக. பிறகு கலந்து, அதிலிருந்து சோதனைக்கு எடுக்க வேண்டும். முழு மணியாக ஐம்பது கிராம் எண்ணி எடுத்து அரைத்தால், முன்னே சொன்ன அந்த ஒரு மணி அதில் இருக்குமா என்பது வெறும் குலுக்கல் சீட்டுதான்.

புற ஊதா விளக்கில் பச்சை மஞ்சளாக மினுங்குகிறதா என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. அந்த மினுமினுப்பு அஃப்ளாடாக்ஸினால் வருவதில்லை. அதே பூஞ்சை சுரக்கும் கோஜிக் அமிலம் மணியோடு சேர்ந்து மாறுவதால் வருகிறது. மினுங்கினால் ‘இதை அனுப்பிச் சோதிக்கவேண்டும்’ என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. பட்டைச் சோதனை பண்ணைக்குப் போதும். பெரிய சரக்கை ஏற்பதா திருப்புவதா என்று வாக்குவாதம் வந்தால் ஆய்வகத்தில் எலைசா அல்லது எச்பிஎல்சி முறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது சலிப்பது. நச்சு சில மணிகளில் மட்டும் குவிந்திருப்பது மாதிரி எடுக்கும்போது தொல்லை. சுத்தப்படுத்தும்போது அதுவே நமக்குச் சாதகம். அந்தச் சில மணிகளை வெளியே தள்ளிவிட்டால் போதும். அவை எங்கே இருக்கும்? பெரும்பாலும் உடைந்ததில், வண்டு துளைத்ததில், சூம்பியதில், தூளில். மணியின் தோல்தான் அதன் கவசம். தோல் கீறினால் பூஞ்சை உள்ளே போக வாசல் திறந்த மாதிரி. முதலில் முளைப்பகுதியைத்தான் பிடிக்கும், கொழுப்பு அங்கேதான் இருக்கிறது.

ஒரு முறை செய்து பாருங்கள். சுமார் 4.75 மில்லிமீட்டர் வட்டத்துளைச் சல்லடையில் பத்து கிலோவைச் சலித்து, கீழே விழுந்ததை வெள்ளைக் காகிதத்தில் பரப்புங்கள். குருணை, முளை கறுத்த அரைமணிகள், உள்ளே பொடிந்துபோன சொத்தை, கூடவே விரலில் ஒட்டும் சாம்பல் பச்சைத் தூள். மேலே நின்ற மணியையும் கீழே விழுந்ததையும் தனித்தனியே சோதித்தால், இரண்டும் ஒரே மூட்டையில் இருந்தவை என்று நம்பவே முடியாது. சலித்த பிறகு தூற்றினாலோ காற்றுப் பிரிப்பானில் விட்டாலோ இன்னும் கொஞ்சம் போகும். பூஞ்சை தின்ற மணி எடை குறைந்து இலேசாகிவிடும் என்பதால் காற்று அதைத் தள்ளிவிடும். பெரிய ஆலைகளில் எடை அடர்த்தி பார்த்துப் பிரிக்கும் மேசைகளும், நிறம் பார்த்து மணியைத் தட்டிவிடும் இயந்திரங்களும் இருக்கின்றன. சின்னப் பண்ணைக்குச் சாய்வுச் சல்லடையும் ஒரு மின்விசிறியுமே பாதி வேலையைச் செய்துவிடும். நன்றாக முற்றி, தோல் கிழியாமல் இருக்கும் மணிக்குள்ளேயே நச்சு இருந்தால் சலிப்பதால் தீராது. அதனால் சலித்த பிறகு மறுபடி சோதித்தே தீரவேண்டும்.

தண்ணீரில் கழுவி, மிதப்பதை அள்ளிவிடலாமே என்று கேட்பார்கள். மிதக்கும் மணியில் நச்சு அதிகம் என்பது சரிதான். ஆனால் டன் கணக்கில் நனைத்துவிட்டு யார் காயவைப்பது? அன்றிரவுக்குள் காயாவிட்டால் இருந்த பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல ஆகிவிடும். சில கிலோ தானியத்துக்குச் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சலித்ததில் கீழே விழுந்ததை என்ன செய்வது? இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பண்ணையில் மக்காச்சோளத்தை ஒழுங்காகச் சலித்து நல்லதை முட்டைக்கோழிக்குக் கொடுத்தார்கள். கழிவைத் தூர எறிய மனமில்லாமல், ‘குருணைதானே, குஞ்சுக்கு வசதியாக இருக்கும்’ என்று குஞ்சுத் தீவனத்தில் கலந்திருக்கிறார்கள். பதினைந்து நாளில் குஞ்சுகள் ஒரே அளவில் வளரவில்லை, இறகு சிலிர்த்து மூலையில் ஒடுங்கின, போட்ட தடுப்பூசி பிடிக்கவில்லை. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தேன். கல்லீரல் மஞ்சள் வெளுத்து வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் நனைந்த பிஸ்கட் போல நொறுங்கியது. ஒரு மூட்டையின் நச்சு முழுவதையும் பிரித்தெடுத்து, அதைத் தாங்கவே முடியாத வயதுக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, சிக்கனம்தான் காரணம். கீழே விழுந்த குருணை கோழிக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். கறவை மாடு தின்றால் நச்சு எம்1 வடிவத்தில் பாலில் வந்துவிடும். வாத்துக்கு நிச்சயமாக வேண்டாம், வாத்துக் குஞ்சு எல்லாவற்றையும்விட மென்மையானது. எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ செய்யுங்கள்.

எந்தப் பறவை எவ்வளவு தாங்கும் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. அஃப்ளாடாக்ஸின் என்ற பெயரே பறவைகளால்தான் வந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நச்சுதான் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் நச்சுக்குப் பெயர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சு, அடுத்து வான்கோழிக் குஞ்சு, அதற்கு அப்புறம்தான் கோழி. கோழியிலும் குஞ்சு மென்மை, வளர்ந்தது கொஞ்சம் தாங்கும்.

அஃப்ளாடாக்ஸின் ஒன்றுதான் நச்சு என்றும் நினைக்கவேண்டாம். ஓக்ராடாக்ஸின் சிறுநீரகத்தைப் பிடிக்கும். எச்சம் தண்ணீராகி, கீழே விரித்த உமியோ தூளோ ஈரமாகிவிடும். டி-2 நச்சு வாயைச் சுடும். அலகின் உள்ஓரத்திலும் நாக்கிலும் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலமும் புண்ணும் தெரியும், தீவனத்தைத் தள்ளிவிடும். தீவனம் குறைகிறது என்றால் நாலைந்து கோழியின் வாயைத் திறந்து பாருங்கள். இவற்றில் டி-2 நச்சையும், மக்காச்சோளத்தில் அதிகம் வரும் ஃப்யூமோனிசின், டான் என்ற இரண்டையும் ஃப்யூசேரியம் இனப் பூஞ்சைகள் வயலிலேயே உண்டாக்கும். ஃப்யூமோனிசினையும் டானையும் கோழி பன்றி, குதிரையைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரே தீவனத்தில் இரண்டு மூன்று நச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது பரவாயில்லை என்று தோன்றும் அளவே கோழியைப் படுத்தும். பண்ணையில் பெரும்பாலும் கூட்டமாகச் சாவதில்லை. முட்டை மூன்று நான்கு சதவீதம் இறங்குவது, தீவன மாற்றுத்திறன் (தின்ற தீவனம் முட்டையாகவோ எடையாகவோ மாறும் அளவு) கெடுவது, தடுப்பூசி போட்டும் நோய் வருவது என்று அரிக்கும்.

இனி டாக்ஸின் பைண்டர். இது நல்ல பொருள்தான். எதற்கு நல்லது என்று தெரிந்து வாங்கவேண்டும். பெரும்பாலான பைண்டரின் அடிப்படை களிமண் வகை: பென்டோனைட், அல்லது எச்எஸ்சிஏஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் சோடியம் கால்சியம் அலுமினோசிலிகேட். இந்தக் களிமண் புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்காக இருக்கும். அஃப்ளாடாக்ஸின் தட்டையான மூலக்கூறு, தாள்களுக்கு நடுவே நுழைந்து ஒட்டிக்கொள்ளும். குடலில் உறிஞ்சப்படாமல் எச்சத்தோடு வெளியே போய்விடும். டி-2, டான் போன்றவற்றின் வடிவம் அப்படி இல்லை, உள்ளே நுழையாது. ஓக்ராடாக்ஸினையும் களிமண் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே ‘எல்லா நச்சையும் பிடிக்கும்’ என்று பையில் அச்சிட்டிருந்தால், எந்த நச்சு, எத்தனை பிபிபி, எந்தக் கோழியில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஆய்வகக் குடுவையில் 95 சதவீதம் பிடித்தது என்பது போதாது; உயிருள்ள கோழிக்கு நச்சு கலந்த தீவனம் கொடுத்து, பைண்டர் போட்டதும் போடாததுமாக எடையையும் கல்லீரலையும் ஒப்பிட்ட விவரம் வேண்டும். ஈஸ்டு செல் சுவர் சேர்ந்த கலவைகள் சில நச்சுகளில் ஓரளவு உதவும். ஃப்யூமோனிசினை உடைக்கும் நொதி ஒன்றும், டானை மாற்றும் நுண்ணுயிர் ஒன்றும் புழக்கத்தில் இருக்கின்றன; அவை ஒட்டிக்கொள்ளும் வேலை செய்வதில்லை, நச்சின் வடிவத்தையே மாற்றிவிடுகின்றன. எந்த நச்சு இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் பணம்தான் போகும்.

களிமண் பைண்டர் வழக்கமாக டன்னுக்கு 2.5 முதல் 5 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பென்டோனைட்டை அஃப்ளாடாக்ஸின் பி1-க்கு எதிரான பொருளாக அனுமதித்தபோது டன்னுக்கு 20 கிலோ என்ற உச்சவரம்பு வைத்தது. கூட்டிப் போட்டால் கூடப் பிடிக்கும் என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டாம். களிமண்ணில் சத்து இல்லை, அவ்வளவுக்குத் தீவனம் நீர்த்துப்போகும். மருந்தையும் அது பிடிக்கக்கூடும்: ரத்தக்கழிச்சலுக்குப் போடும் ரோபெனிடின் கலந்த தீவனத்தில் பென்டோனைட் கூடாது, டைலோசின் போன்ற மேக்ரோலைடு மருந்து கொடுக்கும் நாட்களிலும் தவிர்க்கவேண்டும். உங்கள் கால்நடை மருத்துவரிடம் தீவனத்தில் என்ன பைண்டர் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, எங்கோ தோண்டிய களிமண்ணைச் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கவேண்டாம். 1997-இல் அமெரிக்காவில் தீவனச் சேர்மானம் கட்டிப் பிடிக்காமல் இருக்கப் போட்ட ஒரு வகைக் களிமண்ணில் டையாக்ஸின் இருந்து, அது கோழிவரை போய்ச் சேர்ந்தது. தீவனத் தரம் என்று சான்று உள்ளது மட்டும்தான். கரியைப் பற்றியும் கேட்பார்கள். அது நச்சோடு வைட்டமினையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் 35 பிபிபி சரக்குக்கு என் யோசனை இது. சலித்துத் தூற்றி, ஒழுங்காக மாதிரி எடுத்து மறுபடி சோதியுங்கள். 20-க்குக் கீழே இறங்கினால் பைண்டரோடு முட்டைக்கோழிக்குக் கொடுக்கலாம். குஞ்சுக்கும் இனப்பெருக்கக் கோழிக்கும் வேறு சுத்தமான சரக்கு வாங்குங்கள். இறங்காவிட்டால் திருப்பி அனுப்பப் பாருங்கள். நல்ல சரக்கோடு கலந்து வரம்புக்குள் கொண்டுவருவது கணக்கில் எளிது: தீவனத்தில் 55 சதவீதம் மக்காச்சோளம் என்றால் 35 பிபிபி சரக்கிலிருந்து தீவனத்துக்கு 19 சொச்சம்தான் வரும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு மீறிய சரக்கை இப்படிக் கலந்து நீர்க்கச் செய்வது சட்டப்படி குற்றம். மற்ற நாடுகளிலும் கட்டுப்பாடு உண்டு. அந்த 19 மக்காச்சோளத்தின் பங்கு மட்டுமே என்பதையும் மறக்கவேண்டாம். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தவிடு ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொண்டுவரும். எத்தனால் ஆலையிலிருந்து வரும் மக்காச்சோளச் சக்கையில் மாவுச்சத்து சாராயமாகப் போய்விடுவதால், மூலத் தானியத்தில் இருந்த நச்சு ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிந்து நிற்கும். மக்காச்சோளத்தைக் குறை சொல்லிக்கொண்டே சக்கையைச் சோதிக்காமல் கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அம்மோனியா கொண்டு அஃப்ளாடாக்ஸினை அழிக்கலாம் என்று படித்திருப்பீர்கள். உண்மை. அழுத்தமும் சூடும் கொடுத்து மூடிய கலனில் செய்தால் 95 சதவீதத்துக்கு மேல் அழியும். ஆனால் அது ஆலை வேலை, அனுமதியும் எல்லா இடத்திலும் இல்லை. தொட்டியில் அம்மோனியாவை ஊற்றிப் பார்ப்பது ஆளுக்கே ஆபத்து. சுண்ணாம்பில் ஊறவைப்பதில் வேறு சிக்கல். காரம் பட்டதும் நச்சின் மூலக்கூறில் ஒரு வளையம் திறந்துகொள்ளும், சோதனையில் குறைந்ததாகக் காட்டும். கோழியின் வயிற்று அமிலத்தில் அந்த வளையம் திரும்ப மூடிக்கொண்டு பழைய நச்சாகிவிடும்.

அடுத்த முறைக்கு வருவோம். உண்மையில் பணம் மிச்சமாவது இங்கேதான்.

கதிர் அறுக்கும்போது மணியில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கும். அதை 13 சதவீதத்துக்குக் கொண்டுவரவேண்டும், பல மாதம் வைப்பதாக இருந்தால் 12. கடலைப் பருப்புக்கு எண்ணெய் அதிகம் என்பதால் 7, 8 சதவீதத்துக்கு மேல் ஆகாது. ஈரச் சரக்கை ஓர் இரவு குவித்து வைத்தாலே உள்ளே சூடேறத் தொடங்கிவிடும், ஆகவே ஒன்றிரண்டு நாளுக்குள் காய்ந்துவிடவேண்டும். வெறும் மண்ணில் கொட்டாமல் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். மாலையில் பனி இறங்கும் முன் மூடிவிடுங்கள்.

ஈரப்பத மீட்டர் இல்லையென்றால் உப்புச் சோதனை செய்யலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும், வாணலியில் வறுத்து ஆறவைத்த பொடியுப்பு இரண்டு மூன்று கரண்டியும் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல், கொட்டிப் பரப்புங்கள். ஒட்டாமல் கீழே உதிர்ந்தால் 15-க்குக் கீழ் என்று மட்டும் தெரியும். 13-க்கு வந்ததா என்று அது சொல்லாது. மாதம் சில டன் வாங்குகிறவர் என்றால் மீட்டர் வாங்குவது நல்லது.

காயவைத்து அடுக்கியதோடு வேலை முடிவதில்லை. தகரக் கூரைக் கிடங்கிலும் இரும்பு சிலோவிலும் பகலில் சூடு, இரவில் குளிர். நடுவிலிருக்கும் இளஞ்சூட்டுக் காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க் குளிர்ந்த கூரையில் வேர்க்கும், சொட்டும். ஒட்டுமொத்தச் சரக்கும் 13 சதவீதம் காட்டினாலும் மேல் நடுப்பகுதி மட்டும் ஓடு கட்டிக்கிடக்கும். வாரம் ஒரு முறை குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தாலோ, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தாலோ அன்றே பிரித்துக் காற்றாட விடவேண்டும். வண்டும் அந்தும் கூட இதே வேலையைச் செய்யும். அவை மூச்சுவிடுவதில் சூடும் ஈரமும் உண்டாகும், துளை போட்டுப் பூஞ்சைக்கு வாசலும் வைக்கும். மூட்டைகளைக் கட்டையின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவது இதற்காகத்தான். காற்றுப் புகாத பைகள் நன்றாக வேலை செய்யும், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து வண்டு செத்துவிடும். ஆனால் ஈரத் தானியத்தைப் போட்டுக் கட்டினால் ஊறுகாய்தான்.

புரோப்பியானிக் அமிலம், கால்சியம் புரோப்பியனேட் போன்ற பூஞ்சைத் தடுப்பான்களை டன்னுக்கு ஒன்று முதல் மூன்று கிலோ போடுவார்கள். மழைக்காலத்தில் நானும் சொல்வேன். அவை பூஞ்சை வளராமல் தடுக்கும், இருக்கிற நச்சைத் தொடாது. அரைத்த மக்காச்சோளம் முழு மணியைவிட வேகமாகக் கெடும், ஆகவே ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பயிரிடுகிறீர்கள் என்றால், பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் தண்ணீர் காயவிடாதீர்கள், கதிர்ப்புழுவைக் கட்டுப்படுத்துங்கள். சூடும் வறட்சியும் சேர்ந்த பருவத்தில்தான் இந்தப் பூஞ்சை கதிருக்குள் போகும். நச்சு சுரக்காத அதே இனப் பூஞ்சையைத் தானியத்தில் ஏற்றி, பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு வயலில் தூவும் முறை அமெரிக்காவிலும் பல ஆப்பிரிக்க நாடுகளிலும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஹெக்டேருக்குப் பத்து கிலோ தூவுகிறார்கள். நல்ல பூஞ்சை இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்டதற்கு இடம் இருக்காது. கிடைக்கும் இடத்தில் இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

கொட்டகைக்குள் தீவனத் தொட்டியின் அடியையும் குழாய் வளைவையும் பாருங்கள். தண்ணீர் தெறித்துக் கட்டிப்போன பழைய தீவனம் அங்கே ஒட்டியிருக்கும். சுத்தமான தானியம் வாங்கி அந்தக் கட்டியின் மேல் கொட்டினால் பூஞ்சை விதையை நாமே தூவிய மாதிரி. சுரண்டி எடுக்கும்போதும் சலிக்கும்போதும் வேலை செய்பவர் துணி கட்டிக்கொண்டால் போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். அஃப்ளாடாக்ஸின் மனிதனுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையிலேயே வைத்திருக்கிறது. சலிக்கும் இடத்தில் பறக்கும் தூசியில்தான் அது அதிகம்.

தீவனத்தை மாற்றியதும் முட்டை உடனே ஏறாது என்பதற்கும் தயாராக இருங்கள். மஞ்சள் கரு வேகமாகத் திரள்வதற்கே ஏழு முதல் பதினொரு நாள் ஆகும். அதனால் கெட்ட தீவனம் தீர்ந்த பிறகும் முட்டை இறங்கலாம், நல்ல தீவனம் போட்ட பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். அந்த நாட்களில் கல்லீரலுக்கு உதவியாக மெத்தியோனின், கோலின், வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவை தீவனத்தில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலினியத்தை மட்டும் சொன்ன அளவுக்கு மேல் போடவேண்டாம், அது கூடினால் அதுவே நஞ்சு. முதலில் திரும்புவது பசி. தீவனத் தட்டு காலியாகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். முட்டை ஏறுவதற்குப் பல நாள் முன்பே அது சொல்லிவிடும்.